மண்ணாய்ப் போன கதை

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைப் பெரியவருக்கு என் மனைவியின் அண்ணன் என்னை அறிமுகம் செய்துவைத்தார். "நம்ம மாப்ள ஆர்க்கிடெக்ட். மண்ணுலயே வீடு கட்டுவாரு." பெரியவர் சாம்பாரைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடப் பாவமே, வேற ஜோலி ஒண்ணும் அமையலையா தம்பி?" என்றார். பிறகு வடை வாளியோடு போனவரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினார்.

25 வருஷமாக இதுதான் என் ஜோலி. விசிட்டிங் கார்டில் 'சஸ்டெய்னபிள்' என்று ஒரு வார்த்தை, 'கம்யூனிட்டி' என்று ஒரு வார்த்தை. முதல் வார்த்தையைப் படித்தவர்கள் நான் சோலார் பேனல் விற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்த கம்யூனிட்டி சார்?" என்கிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது போட்டுக்கொடுக்கத்தான் போகிறார்கள். நான் குடியிருப்பது மதுரையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். அடி முதல் நுனி வரை காங்கிரீட். மேற்குப் பார்த்த பெட்ரூம், ரெண்டு ஏசி. கட்டியது வேறொரு ஆர்க்கிடெக்ட். இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

என்னைக் கெடுத்தவர் லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்த மனுஷன், ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் பம்பாயில் காந்தியைச் சந்தித்துவிட்டார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருளை வைத்துக் கட்டுவதுதான் நல்ல வீடு என்பது காந்தியின் கட்சி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பேக்கர் கடைசியில் திருவனந்தபுரத்திலேயே தங்கி, சிமெண்டும் கம்பியும் குறைத்துச் செங்கல்லில் ஜாலம் செய்தார். நானும் என் முதல் சைட்டைச் சுற்றி ஐந்து மைல் அலைந்து பார்த்தேன். சீமைக்கருவேலம் கிடைத்தது. அப்புறம் ஒரு சிமெண்ட் கடை.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது கல்லூரியில் எங்களைத் திருவனந்தபுரம் கூட்டிப்போனார்கள். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல் கோபுரம். உள்ளே படிக்கட்டே கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். ஏறுகிற சரிவிலேயே மேஜைகள். தலைப்பாகை கட்டிய சர்வர்கள் அந்தச் சரிவில் கையில் நான்கு கோப்பையோடு நடப்பதைப் பார்த்து, கட்டடம் என்றால் இது, வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்யப்போகிறேன் என்று சபதம் எடுத்தேன். எழுந்து நின்று எடுத்ததில் பீட்ரூட் கட்லெட் சரிவில் உருண்டு கீழ் மேஜைக்காரர் காலடியில் போய் நின்றது.

பேக்கரின் பெரிய ஆயுதம் 'ரேட் ட்ராப்' கட்டு, அதாவது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் வரிசையாகப் பொந்து விழும். கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாது. பூச்சும் வேண்டாம். என் முதல் வீட்டில் கொத்தனாருக்கு இதை அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "எலி உள்ள போனா வெளிய எப்படி சார் வரும்?" வெறும் பெயர்தான் அப்படி, எலி எல்லாம் வராது என்றேன்.

கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டாம் மாசம் எலி வந்தது. சுவிட்ச் பாக்ஸுக்காக எலெக்ட்ரீஷியன் தோண்டிய ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. ஒரு அறைச் சுவரில் நுழைந்தது மறு அறைச் சுவரில் எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரரின் அப்பா சாமி படம் மாட்ட அடித்த ஆணி பொந்துக்குள் விழுந்தது. அதை எடுக்க அடித்த இரண்டாவது ஆணியும் விழுந்தது. ராத்திரிகளில் எலி அந்த ஆணிகளை உருட்டி விளையாடியதாக அவர் போனில் சொன்னார். பொறி என்று பெயர் வைத்து, எலிகளுக்கு அபார்ட்மெண்ட் கட்டிக் கொடுத்திருந்தேன்.

அடுத்தது சட்டி விவகாரம். தளம் போடும்போது காங்கிரீட்டின் மேல் பாதிதான் அழுத்தத்தைத் தாங்கி உழைக்கும். கீழ்ப் பாதி கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்கும். என் மாதிரி. அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் காங்கிரீட்டுக்குப் பதிலாக ஓட்டையோ மண்சட்டியையோ வைத்துவிட்டால் சிமெண்ட் மிச்சம், பளு குறைவு, கீழிருந்து பார்க்கவும் அழகு. 'ஃபில்லர் ஸ்லாப்' என்று பெயர். மானாமதுரைக்கே போய்ப் பேரம் பேசி இருநூறு சட்டி வாங்கிவந்தேன். சென்ட்ரிங் பலகைமேல் வரிசையாகக் கவிழ்த்துக் காங்கிரீட் போட்டோம். பலகையைப் பிரித்த அன்று கூரை முழுக்க வட்ட வட்டமாய்ச் சட்டி வாய்கள். எனக்குக் கண் கலங்கியது.

வீட்டு ஆத்தாவுக்கும் கலங்கியது. "ஏய்யா, சட்டியக் கவுத்துப் போட்ட வீட்ல உலை கொதிக்கலன்னுதான அர்த்தம்? இருநூறு சட்டிய என் தலைக்கு மேல கவுத்துப்புட்டு அழகுங்கிறயே!" என்றார். நான் காங்கிரீட்டின் நடு அச்சு பற்றி விளக்க ஆரம்பித்தேன். ஆத்தா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். தீபாவளிக்குள் அந்த வீட்டில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் ஏறியது. நடுவில் நீலக் கலர் எல்இடி.

செங்கல்லில் ஓட்டை ஓட்டையாய் விட்டுக் கட்டும் சுவருக்கு ஜாலி என்று பெயர். காற்று வரும், வெளிச்சம் வரும், ஜன்னல் செலவு மிச்சம். நான் வரைந்த படத்தில் இவ்வளவுதான் வந்தது. கொசுவும் வரும் என்பதைப் படத்தில் காட்ட வழி இல்லை. ஆறு மாசம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, என் ஜாலிச் சுவரை முழுசாக மூடிக் கட்டியிருந்தது ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ். அழைப்பின் மகிழ்வில் முப்பத்தாறு பேர் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றுக்கு நான் விட்டிருந்த வழியில் அத்தனை தாய்மாமன்கள்.

திண்ணை பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். தெருவுக்கும் வீட்டுக்கும் உறவு வேண்டும் என்று நான் கட்டிய ஏழு திண்ணைகளில் ஏழுக்கும் கிரில் போட்டாயிற்று. ஆறில் ஸ்கூட்டி நிற்கிறது. ஏழாவதில் நாய். உறவு அதற்கும் தெருவுக்கும்தான்.

இதெல்லாம் தனி வீடுகள். ஒருத்தர் வீட்டைக் கெடுத்தால் ஒருத்தர் திட்டுவார், அத்தோடு முடிந்தது. ஒரு ஊரே சேர்ந்து திட்டும் வாய்ப்பு எனக்கு 2012-இல் கிடைத்தது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். ஒரு அறக்கட்டளை கொஞ்சம் பணம் கொடுத்துச் சமுதாயக் கூடம் கட்டச் சொன்னது. மக்கள் பங்கேற்போடு கட்ட வேண்டும் என்பது என் கொள்கை. சார்ட் பேப்பர், நாலு கலர் ஸ்கெட்ச் பேனா, இரண்டு பாக்கெட் மேரி பிஸ்கட்டோடு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். நாற்பது பெண்கள் வந்தார்கள். மகளிர் குழு லோன் மீட்டிங் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"உங்க ஊருக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன். உடனே ஒரு குரல்: "பஸ்சு." எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே, "அது இல்லைம்மா, கட்டடத்துல" என்றேன். யோசித்தார்கள். "பஸ் ஸ்டாப்பு" என்றார் இன்னொருவர். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்வதுதான் முறை என்பதால் சார்ட்டில் பெரிதாக 'பஸ்' என்று எழுதி வட்டம் போட்டேன். பிறகு பஸ்சிலேறி மதுரைக்கு வந்து, நான் ஏற்கெனவே மனசுக்குள் வரைந்து வைத்திருந்த குவிமாடத்தைப் பேப்பரில் வரைந்தேன். அந்த பஸ்சைப் பிடிக்க மூன்று கிலோமீட்டர் நடந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஏன் காங்கிரீட் கூடாது என்று வகுப்பு எடுத்தேன். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட வேண்டும். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டால் வருவது. எல்லாம் சொன்னேன். ஊர்த் தலைவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த எட்டு பர்செண்ட்டும் எங்க ஊர்லருந்துதான் வருதா சார்?" என்றார். "மெட்ராஸ்ல பாலமெல்லாம் எதுல கட்றாக?" நான் மேரி பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அரசாங்கம் வேறு என் காலை வாரியது. 2011-இல் ஆரம்பித்த சூரிய சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில் அந்த ஊருக்கும் சில வீடுகள் வந்திருந்தன. 300 சதுர அடி, ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், சூரிய விளக்கு, மேலே கெட்டியான காங்கிரீட் தளம். காங்கிரீட் பசுமை இல்லை என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் இருந்த காங்கிரீட் வீட்டுச் சுவரில் 'பசுமை வீடு' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. ஜனங்கள் ஏன் சிரித்தார்கள் என்று திரும்பிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

ஒரு அம்மா மட்டும் எனக்குப் பதில் சொன்னார். "எங்க வீடும் மண்ணுதான் தம்பி. குளுகுளுன்னுதான் இருக்கும், யாரு இல்லங்கிறா. மாசாமாசம் மொழுகிப் பாரு, இடுப்புப் போயிரும். மகனுக்குப் பொண்ணு பாக்க வாறவுக வாசல்லயே நின்னு மேல பாக்காக. தார்சு வீடுன்னாத்தான் உள்ள வாராக." இதை நான் சார்ட்டில் எழுதவில்லை. எந்தத் தலைப்பின் கீழே எழுதுவது என்று தெரியவில்லை.

குவிமாடத்துக்கு வருவோம். ஆரோவில்லில் சில நாள் பயிற்சி எடுத்திருந்தேன். மண்ணோடு சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்திக் கல்லாக்கி, சுடாமலே ஒரு மாசம் ஈரத்தில் பதப்படுத்துவார்கள். அங்கே மண் கட்டடங்கள் வருஷக்கணக்கில் கம்பீரமாக நிற்கின்றன. ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் பாடமே மண்ணைத் தெரிந்துகொள்வது. பாட்டிலில் மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். அளந்து பார்த்து விகிதம் போட வேண்டும்.

கிராமத்து மண்ணைப் பாட்டிலில் குலுக்கி என் ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால், கூட்டுகிற அக்கா பாட்டிலைச் சபீனா போட்டுப் பளிச்சென்று கழுவிக் குடிதண்ணி பிடித்து வைத்திருந்தார். "ஒரே சகதியா இருந்துச்சு சார்" என்றார். திரும்ப மூன்று கிலோமீட்டர் நடக்கச் சோம்பல்பட்டு, கண் மதிப்பில் விகிதம் போட்டேன். அதில் கரிசல் கலந்திருந்தது. தண்ணி பட்டால் ஊதி, காய்ந்தால் வெடிக்கிற மண். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. ஊரில் ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

மேஸ்திரி ஒரே யோசனைதான் சொன்னார். "சார், சுத்தி ஒரு தாழ்வாரம் எறக்கிருவோம். மண்ணுச் செவத்துல சாரல் அடிக்கக் கூடாது." தாழ்வாரம் போட்டால் குவிமாடத்தின் உருவம் மறைந்து, போட்டோ சரியாக வராது. 'எலிவேஷன் கெட்டுரும் மேஸ்திரி' என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தூக்குக்குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். ஐப்பசியில் எலிவேஷனின் கீழ் இரண்டு வரிசை கரைந்தது.

ஒழுகல், கரைசல் எல்லாம்கூடச் சமாளித்திருக்கலாம். எதிரொலியைத்தான் சமாளிக்க முடியவில்லை. வளைந்த கூரை சத்தத்தை நடுவில் குவித்துத் திருப்பி அடிக்கும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அத்தியாயம் பரீட்சைக்கு வராது என்று சீனியர் சொன்னதால் நான் படிக்கவில்லை. அக்டோபர் 2, கிராமசபை. முதல்முறையாகக் கூடத்துக்குள் நடத்தினார்கள். குடிதண்ணி பற்றி ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார். குவிமாடம் அதையே நாலு தடவை கேட்டது. தலைவர் பதில் சொன்னார், அவரே அவரை மறித்துப் பேசினார். பத்து நிமிஷத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது யாருக்கும் புரியாமல், கூட்டம் பழையபடி வேப்பமரத்தடிக்குப் போனது. வேப்பமரத்துக்கு ஆர்க்கிடெக்ட் கிடையாது.

இந்தக் கட்டத்தில் எனக்கு ஆறுதல் சொன்னவர் ஹசன் ஃபாத்தி. எகிப்தின் பெரிய ஆர்க்கிடெக்ட். லக்சருக்கு எதிர்க்கரையில் பழைய அரசர் காலத்துக் கல்லறைகள் மேலேயே ஒரு கிராமம் குடியிருந்தது. பரம்பரைத் தொழில், கீழே தோண்டி எடுத்து விற்பது. அவர்களை அங்கிருந்து நகர்த்த 1940-களில் அரசாங்கம் ஃபாத்தியிடம் புது ஊர் கட்டச் சொன்னது. அவரும் மண் கல்லில், குவிமாடமும் வளைவும் வைத்து, மசூதி, சந்தை, நாடக அரங்கம் எல்லாம் போட்டுக் கவிதை மாதிரி கட்டினார். பெரும்பாலான ஜனங்கள் போகவே இல்லை. தொழிலை விட்டுவிட்டு யார் போவார்கள்? குவிமாடம் வேறு அவர்கள் கண்ணுக்குச் சமாதி மாதிரி தெரிந்திருக்கிறது. திட்டம் பாதியில் நின்றுபோனது. அந்தத் தோல்வியை ஒளிக்காமல் அவர் எழுதிய புத்தகம் 1973-இல் சிகாகோவில் அச்சாகி, உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட் மாணவர்கள் படிக்கிறார்கள். நானும் படித்தேன். படித்துவிட்டுத்தான் குவிமாடம் வரைந்தேன்.

சமாதி என்று எங்கள் ஊர் ஜனங்கள் சொல்லவில்லை. மழையில் அடி கரைந்து, உச்சி கூம்பி, செம்மண் நிறத்தில் நின்ற என் படைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'புத்து'. ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் யாரோ மஞ்சள் தெளித்து முட்டை வைத்திருந்ததாகக் கேள்வி. கிண்டலா பக்தியா தெரியவில்லை.

பிறகு அவர்களே கொஞ்சம் ரிப்பேர் பார்த்தார்கள். மேஸ்திரி சொன்ன தாழ்வாரத்தைத் தகர ஷீட்டில் இறக்கினார்கள். ரோட்டுப் பக்கம் பீடத்தின் உயரத்தை நான் தப்பாகக் குறித்திருந்தேன். தரை அந்தப் பக்கம் சரிவதைக் கவனிக்காததால், வாசல் நெஞ்சளவு உயரத்தில் நின்றது. அந்த அசிங்கத்தை மறைக்க மேஸ்திரி அங்கே அகல அகலமாய் இரண்டு படி கட்டிவிட்டிருந்தார். பில்லில்கூடச் சேர்க்கவில்லை. பாவம் பார்த்திருப்பார்.

போன வருஷம் அந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. சிவகங்கையில் விசாரித்தால், இப்போது ஊருக்கே டவுன் பஸ் போகிறது என்றார்கள். ஏறி உட்கார்ந்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். ஏறியதெல்லாம் பெண்கள். காசு எடுத்து நீட்டியவன் நான் ஒருவன்தான். "எங்க சார்?" என்றார் கண்டக்டர். "சமுதாயக் கூடம்." "அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லையே." பின் சீட்டிலிருந்து ஒரு பாட்டி, "புத்துக்குப் போறாரு போல" என்றார். "அதச் சொல்லுங்க சார்" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார்.

இறங்கினேன். தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே, அந்த இரண்டு படியில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடையும் தூக்குவாளியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் தாயம் நடந்தது. உள்ளே கூடத்துக்குப் பெரிய பூட்டு. பாம்பு இருக்கும், யாரும் போவதில்லை என்றார்கள்.

பஸ்சுக்கு எழுந்த கூட்டத்தில் ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு மாசாமாசம் மெழுகுகிற கதை சொன்னவர். மகனுக்குக் கல்யாணமாகிப் பேத்தி இடுப்பில் இருந்தது. "அடி, இந்தத் தம்பிதான்டி!" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தார். "பெரிய தாள் விரிச்சு எல்லாரையும் கேட்டுச்சே. நாமதான பஸ்சு வேணும்னோம்? கலர் பேனாவுல எழுதி வட்டம் போட்டு எடுத்துக்கிட்டுப் போச்சு. எழுதிப் போட்டுத்தான் பஸ்சு வந்துருக்கு."

நான் மறுக்கவில்லை.